புரோட்டீன் ஏ பத்தி மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்து தயாரிக்கும் ஆலைகளில் சுத்திகரிப்பின் முதல் கட்டம் அநேகமாக எல்லா இடத்திலும் புரோட்டீன் ஏ (ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம்) தான். சிஎச்ஓ செல்கள் (ஆன்டிபாடியைச் சுரக்கும் சீன வெள்ளெலி செல்கள்) வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ரெசின் (புரோட்டீன் ஏ பொருத்திய சிறு மணிகள்) நிரப்பிய பத்திக்குள், அதாவது உருளைக் குழாய்க்குள், நடுநிலை பிஎச்சில் விடுகிறோம்; இது லோடிங், உள்ளே போகும் திரவம் லோடு. ஆன்டிபாடி ரெசினில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை வெளியே ஓடிவிடும். நன்றாகக் கழுவிவிட்டு (வாஷ்), பிஎச் 3.0 முதல் 3.8 வரை உள்ள ஒரு அமில பஃபரை (பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் கரைசலை) விட்டால் ஆன்டிபாடி கழன்று வரும்; இது எலியூஷன், வெளிவரும் திரவம் எலியூட். பார்க்க இவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் ஏதாவது கெட்டுப்போனால் உடனே பழி பத்தியின் மேல் விழும். ரெசின் போயிடுச்சு, மறுபடி பேக் பண்ணணும் (ரெசினை எடுத்துத் திரும்ப அடைக்கணும்) என்று பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் பல நேரம் பத்தி தனக்குள் வந்ததைத்தான் காட்டிக்கொடுக்கிறது. கோளாறு உள்ளே போன திரவத்திலோ, பஃபரிலோ, கருவியிலோ இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கருவி, அடுத்து பஃபர், அப்புறம் லோடு, கடைசியில்தான் பத்தி. மலிவான சோதனைகள் முன்னால் வருவது இதில் ஒரு வசதி.

கை வைக்கும் முன்

ஓட்டத்தை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். லோடிங்கிலோ வாஷிலோ பம்பை நிறுத்தி யோசிக்கலாம். ஆன்டிபாடி நடுநிலை பிஎச்சில் ரெசினோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். எலியூஷன் நடுவில் நிறுத்தினால் அது அமிலத்தில், அதுவும் மிக அடர்த்தியான நிலையில், ஊறும். அங்கே அலாரம் அடித்தாலும், அழுத்தம் ஆபத்தான அளவை எட்டாதவரை, வேகத்தைக் குறைத்து பீக்கை (ஆன்டிபாடி வெளிவரும் பகுதியை) வெளியே எடுத்துவிடுவதுதான் நல்லது. ஜிஎம்பி (மருந்து உற்பத்தித் தர விதிகள்) பின்பற்றும் ஆலை என்றால் இந்த முடிவை எஸ்ஓபி (எழுதப்பட்ட செயல்முறை) ஏற்கெனவே எழுதி வைத்திருக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் தனியாக நின்று யோசித்து எடுக்கிற முடிவு இல்லை இது. டீவியேஷன் (விலகல் அறிக்கை) எழுதுவதையும் அப்போதே தொடங்கிவிடுங்கள், காரணம் தெரிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று: குரோமட்டோகிராமில் (ஓட்டத்தின் வரைபடப் பதிவில்) புரதத்தைக் காட்டும் யூவி கோட்டை மட்டும் பார்க்காதீர்கள். பிஎச், மின்கடத்துத்திறன், அழுத்தம் என நான்கு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நன்றாக ஓடிய பழைய சுற்று ஒன்றோடு ஒப்பிடுங்கள். எந்தக் கோடு முதலில் விலகியது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அழுத்தம் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

எல்லாக் கட்டத்திலும் ஏறினால் பத்தியை பைபாஸில் போட்டு அதே வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதும் அழுத்தம் குறையவில்லை என்றால் அடைப்பு பத்தியில் இல்லை. இன்லைன் ஃபில்டர், பாதி திறந்த வால்வ், யூவி செல், பின்னழுத்தம் கொடுக்கும் ரெஸ்ட்ரிக்டர், மடங்கிய டியூப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், வெளி முனையிலிருந்து பம்பை நோக்கி. பெரும்பாலும் ஃபில்டரிலேயே தேடல் முடிந்துவிடும்.

எத்தனால் போகும்போது மட்டும் ஏறினால் பயப்பட ஒன்றுமில்லை. சேமிப்புக்கு வைக்கும் 20 சதவீத எத்தனாலின் பாகுநிலை தண்ணீரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர் அறையில் இன்னும் கூடும். தண்ணீரே 20 டிகிரியில் இருப்பதைவிட 4 டிகிரியில் ஒன்றரை மடங்கு பாகாக இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் போதும். ஆனால் உப்பு அதிகமுள்ள பஃபருக்குப் பின்னால் நேரடியாக எத்தனாலை விட்டீர்களா என்று பாருங்கள். பாஸ்பேட், சல்பேட் உப்புகள் எத்தனாலில் படிகமாக இறங்கி உள்ளேயே அடைத்துக்கொள்ளும். நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

லோடிங்கில் மட்டும் ஏறி, வாஷில் இறங்கினால் ஹார்வெஸ்ட் திரவத்தை (செல்களை நீக்கி எடுத்த வளர்ப்புத் திரவத்தை) சந்தேகியுங்கள். டெப்த் ஃபில்டரைத் தாண்டியபோது தெளிவாக இருந்த திரவம், குளிர் அறையில் ஒரு இரவு கிடந்த பிறகு மெல்லக் கலங்கும். 0.2 மைக்ரான் ஃபில்டரைப் பத்திக்கு முந்தைய நாள் போடுவதைவிட, பத்திக்கு நேர் முன்னால் போடுவது எவ்வளவோ மேல்.

லோடிங்கில் ஏறி, பிறகு இறங்காமலே இருந்தால் மேல் ஃப்ரிட்டிலோ (ரெசினை உள்ளே நிறுத்தும் சல்லடையிலோ) படுகையின், அதாவது அடைத்த ரெசினின், மேற்பரப்பிலோ அழுக்கு சேர்ந்துவிட்டது. உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் ஓட்டத்தைத் தலைகீழாக்கி, குறைந்த வேகத்தில் கழுவுங்கள். பிறகு காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்). இன்றைய கார நிலைப்புள்ள ரெசின்கள் 0.1 முதல் 0.5 மோலார் காஸ்டிக்கைத் தாங்கும். பழைய ரகம் தாங்காது, எனவே ரெசினின் கையேட்டைப் பார்க்காமல் யார் சொன்னாலும் விடாதீர்கள். படிந்தது உருக்குலைந்த புரதம் என்றால் 6 மோலார் குவானிடின், கொழுப்பு என்றால் ஆல்கஹால் கலந்த கரைசல் உதவும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. அமிலத்தில் எலியூஷன் முடிந்த கையோடு, நடுவில் எதுவும் விடாமல் காஸ்டிக்கைப் பாய்ச்சுவது. உள்ளே மிச்சம் ஒட்டியிருக்கும் புரதம் பிஎச் 3-இலிருந்து 13-க்குத் தாவும்போது வழியிலேயே திரிந்து படிந்துவிடும். சுத்தம் செய்யப் போய் அழுக்கை நிரந்தரமாக்கிய கதை அது. எலியூஷனுக்குப் பின் இன்னும் குறைந்த பிஎச்சில் ஒரு ஸ்ட்ரிப் (மிச்சத்தை நீக்கும் கழுவல்), அப்புறம் நடுநிலை பஃபர், அதற்குப் பிறகுதான் காஸ்டிக்.

மகசூல் குறைந்துவிட்டது

ஆன்டிபாடி ஆவியாகாது. எங்கோ போயிருக்கிறது. ஓடிய திரவம், வாஷ், எலியூட், ஸ்ட்ரிப் ஆகிய நான்கையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். ஓடிய திரவத்தை 280 நானோமீட்டர் யூவியில் அளப்பதால் பயனில்லை. வளர்ப்பு ஊடகத்தில் இருப்பதெல்லாம் அதே அலைநீளத்தில் உறிஞ்சும். ஆன்டிபாடியை மட்டும் பிரித்துக் காட்டும் பகுப்பாய்வு புரோட்டீன் ஏ எச்பிஎல்சியில்தான் அளக்க வேண்டும்.

ஓடிய திரவத்தில் இருந்தால் மிகைச் சுமையாக இருக்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரெசின் 10 லிட்டர். 10 சதவீத பிரேக்த்ரூவில் (ஆன்டிபாடி கசியும் கட்டத்தில்) அதன் டைனமிக் கொள்ளளவு, அதாவது ஓட்டத்தின்போது பிடிக்கும் அளவு, மி.லி.க்கு 40 மி.கி. அதில் 80 சதவீதம்தான் ஏற்றுவோம் என்றால் மி.லி.க்கு 32 மி.கி., அதாவது ஒரு சுற்றுக்கு 320 கிராம். ஹார்வெஸ்ட் டைட்டர் (ஆன்டிபாடியின் அடர்த்தி) லிட்டருக்கு 4 கிராம் என்று நினைத்து 80 லிட்டர் ஏற்றுகிறோம். செல்கள் இந்த முறை நன்றாக வளர்ந்து டைட்டர் உண்மையில் 5 கிராம் என்றால், அதே 80 லிட்டரில் 400 கிராம் போகிறது. கையிலிருந்த பாதுகாப்பு இடைவெளி முழுவதும் தீர்ந்தது. மேலே செல் வளர்க்கும் அப்ஸ்ட்ரீம் குழு விருந்து வைத்துக்கொண்டிருக்கும், கீழே நாம் ரெசினைத் திட்டிக்கொண்டிருப்போம். (10 சதவீத பிரேக்த்ரூ என்றால் 10 சதவீதம் இழந்துவிட்டோம் என்று பொருளல்ல. அந்தக் கணத்தில் வெளிவரும் திரவத்தின் அடர்த்தி உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்கு என்றுதான் பொருள். இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய பேர்.)

டைட்டர் சரிதான் என்றால் தங்கும் நேரத்தைப் பாருங்கள். 20 செ.மீ. படுகையில் மணிக்கு 240 செ.மீ. வேகம் என்றால் திரவம் உள்ளே தங்குவது 5 நிமிடம். யாராவது அவசரத்துக்கு வேகத்தை 400 ஆக்கியிருந்தால் 3 நிமிடம்தான். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, ரெசின் மணியின் துளைக்குள் நுழைந்து போக அதற்கு நேரம் வேண்டும். வேகம் ஏறினால் கொள்ளளவு சரியும். புது மூலக்கூறாக இருந்தால் அது எந்த ஐஜிஜி (ஆன்டிபாடி வகை ஒன்று) துணைவகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மனித ஐஜிஜி3 பொதுவாகப் புரோட்டீன் ஏயோடு ஒட்டாது.

வாஷில் இருந்தால் இடைநிலை வாஷின் பிஎச் மிகவும் தாழ்ந்திருக்கலாம். 5.5 என்று எழுதியிருக்கும் பஃபர் 4.8 ஆக இருந்தால் ஒட்டியது தளர ஆரம்பிக்கும். பஃபர் தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்து, அளவுத்திருத்தம் செய்த மீட்டரில் நீங்களே அளந்து பாருங்கள்; லேபிளை நம்ப வேண்டாம். டிரிஸ் பஃபர் என்றால் கூடுதல் கவனம். அதன் பிஎச் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.03 மாறும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்தது 4 டிகிரி குளிர் அறையில் 8.6-ஐ நெருங்கிவிடும்.

ஸ்ட்ரிப்பில் இருந்தால் எலியூஷன் போதிய அளவு அமிலமாக இல்லை, அல்லது அதன் பஃபர் வலிமை குறைவு. முந்தைய வாஷ் வலுவான பஃபராகவும், எலியூஷன் வலுக்குறைந்ததாகவும் இருந்தால் பத்திக்குள் பிஎச் மெதுவாகத்தான் இறங்கும். பீக்கின் வால் நீளும், கலெக்‌ஷன் அதற்கு முன்பே முடிந்துவிடும். எலியூஷனுக்கு முன் நீர்த்த, குறைந்த உப்புள்ள பஃபரில் ஒரு சிறு வாஷ் விட்டால் இது சரியாகும்.

நான்கையும் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை என்றால் இரண்டு வழிகள் மிச்சம். ஒன்று அளவீட்டில் பிழை. மற்றது, ஆன்டிபாடி பத்திக்குள்ளேயே படிந்துவிட்டது. அப்படியானால் அழுத்தமும் கூடவே ஏறியிருக்கும்.

பீக் மொட்டையாக இருக்கிறது

மேலே தட்டையாக வெட்டினாற்போல் பீக் வந்தால் அது டிடெக்டரின் எல்லை. ஆன்டிபாடி 1 செ.மீ. பாதையில் மி.லி.க்கு 1 மி.கி. என்றால் ஏறக்குறைய 1.4 உறிஞ்சும். 20 மி.கி. அடர்த்தியில் 28 வர வேண்டும். 2, 3 அலகிலேயே நிறைவடைந்துவிடும் டிடெக்டர் அதை எப்படிக் காட்டும்? 0.5 மி.மீ. பாதையுள்ள யூவி செல்லுக்கு மாறுங்கள், அல்லது 300 நானோமீட்டரில் பாருங்கள். ஊசி ஊசியாக வந்தால் காற்றுக் குமிழி. ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா, பஃபர் குளிர் அறையிலிருந்து நேராக வந்து சூடாகிக் காற்றை விடுகிறதா என்று பாருங்கள்.

பீக் வால் பிடிக்கிறது, பிளக்கிறது

இப்போதுதான் பத்தியின் பேக்கிங்கைச் சந்தேகிக்கலாம். அதையும் ஆன்டிபாடி பீக்கை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்த வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிஎச் எப்படி இறங்குகிறது என்பதுதான். எதிலும் ஒட்டாத ஒன்றை, அசிட்டோனையோ உப்புக் கரைசலையோ, பத்திக் கொள்ளளவில் 1 முதல் 2 சதவீதம் செலுத்தி, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பீக் வந்த நேரத்தை அதன் பாதி உயர அகலத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 5.54-ஆல் பெருக்கினால் தட்டு எண்ணிக்கை (பேக்கிங்கின் தரத்தைக் காட்டும் எண்) கிடைக்கும். படுகையின் உயரத்தை அதனால் வகுத்தால் ஒரு தட்டின் உயரம். 20 செ.மீ. படுகையில் 800 தட்டு வந்தால் ஒரு தட்டு 250 மைக்ரான். மணியின் சராசரி விட்டம் 85 மைக்ரான் என்றால் அது விட்டத்தைப் போல் மூன்று மடங்கு, அருமையான பேக்கிங்.

சமச்சீர்மைக்குப் பீக்கின் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் பின்பாதியை முன்பாதியால் வகுக்க வேண்டும். 0.8 முதல் 1.8 வரை பொதுவாக ஏற்கப்படும் எல்லை. 1.8-ஐத் தாண்டினால் படுகை தளர்வு, அல்லது மேலே இடைவெளி விழுந்திருக்கிறது. 0.8-க்குக் கீழ் போனால் அதிகமாக அமுக்கிவிட்டார்கள். இந்த எண்களைவிட முக்கியம், இதே பத்தி பேக் செய்த அன்று என்ன எண் கொடுத்தது என்பதுதான். 1.2-இல் தொடங்கி 1.6-க்கு வந்த பத்தி எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் ஏதோ நகர்கிறது. சோதனையில் நீளமான, தடித்த டியூப் இருந்தால் அதுவே வாலை உண்டாக்கும்; சிறிய பத்திகளில் இதன் பங்கு பெரியது.

காற்று புகுந்திருந்தால் காற்று நீக்கிய பஃபரைக் கீழிருந்து மேலாக மெதுவாக விடுங்கள். விரிசல் தெரிந்தால் விவாதமே வேண்டாம், பேக் பண்ணியே ஆக வேண்டும்.

எலியூட் கலங்குகிறது

அமிலத்தில் தெளிவாக இருந்த திரவம் டிரிஸ் ஊற்றி நடுநிலைக்குக் கொண்டுவரும்போது பால்போல் வெளுக்கும். பதற வேண்டாம். ஒரு குழாயில் சிறிதளவு எடுத்துச் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவில் ஆன்டிபாடி அளவைப் பாருங்கள். அளவு குறையவில்லை என்றால் படிந்தது ஹோஸ்ட் செல் புரதமும் (சிஎச்ஓ செல்லின் சொந்தப் புரதங்கள்) டிஎன்ஏவும் சேர்ந்த கூட்டுதான். அது படிவது நமக்கு லாபம். வடிகட்டிவிட்டால் அடுத்த கட்டத்தின் சுமை குறையும். இந்தக் கலங்கலையே வேண்டுமென்று உண்டாக்கி, டெப்த் ஃபில்டரில் பிடிக்கும் ஆலைகளும் உண்டு.

ஆன்டிபாடி குறைந்திருந்தால் கதை வேறு. டிரிஸை வேகமாக ஊற்றினார்களா, கலக்கி சரியாகச் சுழன்றதா என்று கேளுங்கள். 2 மோலாருக்குப் பதில் 1 மோலார் டிரிஸ், மெதுவான சேர்ப்பு, பீக்கின் நடுப்பகுதி அடர்த்தியைக் குறைப்பது, எலியூஷன் பிஎச்சைச் சற்று உயர்த்துவது, அர்ஜினைன் சேர்ப்பது, இந்த வரிசையில் முயலலாம்.

திரட்சி (ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிய கூட்டங்கள்) அதிகமாக இருக்கிறது என்று, அளவு வாரியாகப் பிரிக்கும் எஸ்இசி சோதனையின் அறிக்கை வந்தால், அது எந்த இடத்தில் உண்டானது என்று பிரிக்க வேண்டும். எலியூட் வந்த உடனே ஒரு மாதிரி; வைரஸ் செயலிழப்புக்காகப் பிஎச் 3.5 முதல் 3.7 வரை வைத்திருக்கும் ஒரு மணி நேரத்தின் நடுவிலும் முடிவிலும் ஒவ்வொன்று. மூன்றிலும் ஒரே அளவு என்றால் பிடிப்பின்போதோ அதற்கு முன்போ நடந்தது. ஏறிக்கொண்டே போனால் அமில நேரம்தான் காரணம். ஆனால் அந்த நேரத்தை நம் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது, வைரஸ் ஒழிப்புக் கணக்கு அதன் மேல் நிற்கிறது.

ஜெல்லில் உடைந்த துண்டுகள்

ரெடியூசிங் பொருள் (டைசல்பைடு பிணைப்புகளை அறுக்கும் பொருள்) சேர்க்காத ஜெல்லில் 150 கிலோடால்டனில் ஒரே பட்டை வர வேண்டிய இடத்தில் 25, 50, 75 என்று பட்டைகள் வந்தால், அமிலம் ஆன்டிபாடியை உடைத்துவிட்டது என்பார்கள். அநேகமாக இல்லை. டைசல்பைடு பிணைப்புகள் ஹார்வெஸ்ட் தொட்டியிலேயே அறுந்திருக்கும். மையவிலக்கியில் செல்கள் உடையும்போது உள்ளிருக்கும் தியோரிடாக்சின் அமைப்பு (இந்தப் பிணைப்புகளை அறுக்கும் நொதிகள்) வெளியே வருகிறது. தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அது வேலையைத் தொடங்குகிறது. ஜெனென்டெக் ஆய்வாளர்கள் இதை 2010-இல் விரிவாக வெளியிட்டார்கள். தீர்வும் அங்கேதான்: தொட்டியில் காற்று ஊதுவது, குளிர்விப்பது, சிலர் காப்பர் சல்பேட்டோ இடிடிஏவோ சேர்ப்பார்கள். பத்தியில் எதை மாற்றினாலும் இது தீராது.

ஹோஸ்ட் செல் புரதம் இறங்கவில்லை

இது ரெசினில் ஒட்டிய அழுக்கு என்று நினைத்து வாஷின் அளவை இரட்டிப்பாக்குவது வீண். பெரும்பகுதி ஆன்டிபாடியின் மேலேயே ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. அளவைக் கூட்டாமல் வாஷின் தன்மையை மாற்றுங்கள்: உப்பைக் கூட்டலாம், அர்ஜினைன் சேர்க்கலாம், பிஎச்சைச் சற்று இறக்கலாம். ஹார்வெஸ்ட் நாளில் செல்களின் உயிர்ப்பு எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். இரண்டு நாள் தாமதமாக அறுவடை செய்த தொகுதியில் டைட்டர் கூடியிருக்கும், குப்பையும் கூடியிருக்கும்.

எலைசா (ஆன்டிபாடியைக் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) தரும் ஹோஸ்ட் செல் புரத மொத்த எண் 100 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 100 பங்குக்குக்) கீழ் வந்துவிட்டது என்று நிம்மதி அடைவதிலும் எனக்கு உடன்பாடில்லை. லெப்ரிகிசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தின் மருத்துவச் சோதனைகளில் பிஎல்பிஎல்2 என்ற ஒரே ஒரு சிஎச்ஓ புரதம் கூடவே வந்து, பங்கேற்றவர்களில் 90 சதவீதம் பேரிடம் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாயின. பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் அதோடு தொடர்புபடவில்லை என்பது அதிர்ஷ்டம். மாதிரியை நீர்க்க நீர்க்க எலைசா எண் நேர்கோட்டில் வராவிட்டால், ஏதோ ஒரு புரதம் கிட்டின் ஆன்டிபாடியைத் திணறடிக்கிறது என்று புரிந்துகொண்டு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புங்கள்.

அடுத்த பத்தியில் ஒட்டவில்லை

கேட்டயான் எக்ஸ்சேஞ்சில் (மின்னூட்டத்தால் ஆன்டிபாடியைப் பிடிக்கும் அடுத்த பத்தியில்) ஆன்டிபாடி ஒட்டாமல் ஓடினால் லோடின் மின்கடத்துத்திறனைப் பாருங்கள். அமிலமும் டிரிஸும் சேர்ந்து உருவாக்கிய உப்பே போதும், ஒட்டவிடாமல் செய்ய. தண்ணீர் விட்டு நீர்த்துவிடுங்கள். உப்பைப் படியாக ஏற்றும்போது பிஎச் கோடு சட்டென்று இறங்கி மீண்டால் அது பஃபர் பிழை இல்லை. ரெசினில் இருந்த ஹைட்ரஜன் அயனிகளைச் சோடியம் தள்ளி வெளியேற்றுகிறது. எதிர் மின்னூட்ட அயனிகளைப் பரிமாறும் ஆனயான் பத்தியில் இதுவே மேல்நோக்கி நடக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது

திடீர் விபத்து எதுவும் இல்லை, ஆனால் பிரேக்த்ரூ மெல்ல முன்னால் வருகிறது, ஸ்ட்ரிப் பீக் மெல்ல வளர்கிறது. முதலில் லோடு இல்லாமல் வெறும் பஃபர்களோடு ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். எலியூஷன் இடத்தில் பீக் வந்தால் முந்தைய தொகுதி உள்ளே மிச்சம் இருக்கிறது. கழுவும் முறை போதவில்லை. காஸ்டிக்கின் செறிவைவிடத் தொடர்பு நேரம்தான் பல இடங்களில் குறையாக இருக்கும். பாக்டீரியா எண்ணிக்கை உயர்ந்தால், 20 சதவீத எத்தனால் கிருமிகளை வளரவிடாமல் தடுக்குமே தவிர, பேசில்லஸ் ஸ்போர்களைக் கொல்லாது என்பதை நினைவில் வையுங்கள். ஸ்போருக்குப் பெராசெட்டிக் அமிலம் போன்றது வேண்டும், அதுவும் ரெசின் தாங்கினால்.

வெற்றுச் சுற்று சுத்தமாக வந்தும் கொள்ளளவு குறைந்தே இருந்தால், பத்தியிலிருந்து கொஞ்சம் ரெசினை எடுத்து 1 மி.லி. சிறு பத்தியில் அடைத்து, அதே தங்கும் நேரத்தில், சுத்தமான ஆன்டிபாடியை ஏற்றி டைனமிக் கொள்ளளவை அளவிடுங்கள். பக்கத்திலேயே புது ரெசினையும் அதேபோல். இரண்டும் நெருக்கமாக வந்தால் ரெசின் நன்றாக இருக்கிறது, பழைய பேக்கிங்தான் கெட்டது. எடுத்து மறுபடி பேக் பண்ணலாம். பழையது தெளிவாகப் பின்தங்கினால் லிகண்ட் (மணியில் பொருத்திய புரோட்டீன் ஏ) காரத்தில் அரிக்கப்பட்டிருக்கிறது, அல்லது துளைகள் அடைபட்டிருக்கின்றன. லிட்டருக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த ரெசினை அப்புறப்படுத்த வேண்டியதுதான்.